"சம்மதம்" எப்பொழுது நம்மைக் கட்டுப்படுத்துகிறது?

ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முத்திரை ஒட்டிய தாளும் வழக்கறிஞர் அலுவலகமும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், தோட்டத்துக் கடையில் ஒரு டின் பால் வாங்குவதும், பட்டணத்துக்குச் செல்லப் பேருந்தில் ஏறிச் சீட்டு எடுப்பதும், அடுத்த லயத்துக்காரரின் பழைய மோட்டார் சைக்கிளை விலை பேசி முடிப்பதும் ஒப்பந்தங்களே ஆகும். பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு எழுத்து தேவையில்லை, வாய்ச்சொல்லே போதும். சில வேளைகளில் சொல்லும் வேண்டுவதில்லை, செயலே சம்மதமாகிவிடும்.

அவ்வாறாயின், எந்த நொடியில் பேச்சு முடிந்து கட்டுப்பாடு தொடங்குகிறது? அந்த நொடிக்கு முன்னர் இரு தரப்பினரும் தாராளமாக விலகிக்கொள்ளலாம். அதற்குப் பின்னர் ஒருவர் விலகினால், மற்றவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டிய நிலை ஏற்படலாம். ரப்பர்க் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டுக் கைமாறிவரும் இந்நாளில், தோட்டத் தொழிலாளர்களின் கைக்கு நிர்வாகத்தின் கடிதங்கள் பல வருகின்றன. அவற்றுக்கு எப்படி, எப்பொழுது மறுமொழி கூறுகிறோம் என்பதனைப் பொறுத்துப் பல ஆண்டு உழைப்பின் பயன் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அமையக்கூடும். ஆகவே, இச்சட்டத்தின் அடிப்படையைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

சட்டம் வந்த வழி

நம் நாட்டில் ஒப்பந்தங்களை ஆள்வது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமாகும். முதலில் மலாய் மாநிலங்களுக்கென இயற்றப்பட்ட இச்சட்டம், 1974-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டு, நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. இதன் பிரிவுகள் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் தழுவியவை. நம் முன்னோர் விட்டுவந்த நாட்டிலும் அவர்கள் வந்து குடியேறிய நாட்டிலும் ஒப்பந்த விதி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்துவருகிறது.

எனினும், அம்முன்னோரில் பலர் தாம் கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்பதனை அறியாமலேயே கப்பலேறியவர்கள். மலாயாவில் இந்தியத் தொழிலாளர்களைக் கூலி ஒப்பந்தத்தில் கட்டிவைத்த முறை 1910-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. இன்றைய சட்டம் வற்புறுத்துவது இருவரின் மனமொத்த, சுதந்திரமான சம்மதத்தையே. வற்புறுத்தல், ஏமாற்று, தவறான தகவல் ஆகியவற்றால் பெற்ற சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது. மேலும், ஒப்பந்தம் செய்பவர் 18 வயது நிரம்பியவராகவும் தெளிந்த மனத்தினராகவும் இருத்தல் வேண்டும். ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் ஏதேனும் தருதல் வேண்டும். நோக்கமும் சட்டத்துக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும்.

முன்மொழிவு எது? அழைப்பு எது?

ஒருவர் தாம் இன்னது செய்யத் தயார் என்று, மற்றவரின் சம்மதத்தைப் பெறும் கருத்துடன் தெரிவிப்பதே முன்மொழிவு. அம்முன்மொழிவு, யாருக்குச் சொல்லப்படுகிறதோ அவருடைய அறிவுக்கு எட்டியபொழுதுதான் நிறைவு பெறுகிறது.

விற்பனையைப் பற்றிய எல்லாப் பேச்சும் முன்மொழிவாகிவிடாது. கடைக்காரர் பொருளுக்கு விலைச்சீட்டு ஒட்டி அடுக்கில் வைத்திருப்பது, "வாருங்கள், பேசலாம்" என்னும் அழைப்பு மட்டுமே. வாங்குபவர் பொருளை எடுத்துப் பணம் செலுத்த நீட்டுவதே முன்மொழிவு. கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொள்வதே ஏற்பு. இங்கிலாந்து நீதிமன்றம் 1953-ஆம் ஆண்டில் ஒரு மருந்துக்கடை வழக்கில் இதனைத் தெளிவுபடுத்தியது.

வேலை விளம்பரமும் அத்தகையதே. தோட்டத்து நுழைவாயிலில் "பால் வெட்ட ஆள் தேவை" என்று பலகை தொங்கினால், அது வேலை கொடுத்துவிட்டதாகப் பொருள்படாது. மனுச் செய்பவரே முன்மொழிபவர். இவ்விதியில் தொழிலாளிக்கு நன்மையும் உண்டு. பத்திரிகை விளம்பரத்தைக் கண்டு அரசுப் பணிக்கு மனுச் செய்த ஒருவரின் வழக்கில், 1964-ஆம் ஆண்டில் வெளியான தீர்ப்பு இதனைக் காட்டுகிறது. அவருடைய மனுவே முன்மொழிவு என்றும், தேர்ந்தெடுக்கப்பட்டதாக அனுப்பிய கடிதமே நிபந்தனையற்ற ஏற்பு என்றும் நம் நாட்டு நீதிமன்றம் கூறியது. ஏற்புக் கடிதத்தில் இல்லாத நிபந்தனையைப் பின்னர் ஒரு கடிதத்தின் மூலம் புகுத்த முயன்றது செல்லவில்லை.

ஏற்பு முழுமையானதாக இருத்தல் வேண்டும்

ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. ஓர் எடுத்துக்காட்டினைக் காண்போம்.

ஒரு தோட்டத்தில் வயதில் மூத்த தொழிலாளி ஒருவர், தம் அடுத்த வீட்டு இளைஞரிடம், "தம்பி, என் மோட்டார் சைக்கிளை 2,000 வெள்ளிக்குத் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்" என்கிறார். இளைஞர், "அண்ணே, 1,800 என்றால் இப்பொழுதே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். மூத்தவர் தலையசைக்கவில்லை. மறுநாள் இளைஞர் 2,000 வெள்ளியுடன் வந்து நிற்கிறார். வண்டியைக் கொடுத்தே தீர வேண்டுமா?

வேண்டியதில்லை. 1,800 என்று இளைஞர் கேட்டபொழுதே முதல் முன்மொழிவு மறுக்கப்பட்டு மடிந்துவிட்டது. அவர் கேட்ட விலை, புதிய எதிர் முன்மொழிவு ஆயிற்று. இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டில், 1,000 பவுனுக்கு விற்க முன்வந்த பண்ணையை ஒருவர் 950-க்குக் கேட்டுவிட்டு, அது மறுக்கப்பட்டபின் 1,000-க்கே ஏற்பதாகக் கூறினார். ஒப்பந்தம் இல்லை என்றே நீதிமன்றம் தீர்த்தது.

ஆனால், கேள்வி கேட்பது வேறு. மாற்றுக் கேட்பது வேறு. "அண்ணே, பணத்தை இரண்டு தவணையில் கொடுக்கலாமா?" என்று இளைஞர் விளக்கம் மட்டும் கேட்டிருந்தால், முதல் முன்மொழிவு உயிரோடுதான் இருக்கும். 1880-ஆம் ஆண்டில் இரும்பு வாணிகம் பற்றிய ஓர் ஆங்கில வழக்கில் இவ்வேறுபாடு நிலைநாட்டப்பட்டது. கடிதத்தில் ஐயம் எழுமானால், "இதனை விளக்குக" என்று கேட்பதில் இழப்பில்லை. "இதனை மாற்றினால் ஏற்கிறேன்" என்பதே முன்மொழிவைக் கொன்றுவிடக்கூடியது.

மௌனம் சம்மதம் ஆகுமா?

"மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்பது நம் வழக்கு. பொதுவாக, ஒப்பந்தச் சட்டம் இதனை ஒப்புக்கொள்வதில்லை. இங்கிலாந்தில் ஒருவர் தம் உடன்பிறந்தார் மகனுக்கு, "மறுமொழி ஏதும் வாராவிடில் குதிரை எனக்குரியதாகவே கொள்வேன்" என்று எழுதினார். அவ்விளைஞருக்கும் குதிரையைக் கொடுக்கும் எண்ணம் உண்டு; ஆனால் மறுமொழி எழுதவில்லை. ஏலக்காரர் தவறுதலாகக் குதிரையை வேறொருவருக்கு விற்றுவிட்டார். குதிரை தமக்குச் சொந்தமாகிவிட்டது என்ற பெரியவரின் வாதத்தை 1862-ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஏற்கவில்லை. மனத்தில் இருந்த சம்மதம் வெளியே வராததால் அது ஏற்பாகவில்லை.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாய் மௌனமாக இருந்தும் செயல் பேசலாம். முன்மொழிவில் கேட்ட செயலைச் செய்வதும், கொடுத்த பணத்தை வாங்கிக்கொள்வதும் ஏற்பாகும் என்று 8-ஆம் பிரிவு கூறுகிறது. "எனக்கு விருப்பமில்லை" என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே காசோலையை வங்கியில் மாற்றுபவர், பின்னர் சம்மதிக்கவில்லை என்று வாதிடுவது கடினம்.

தபாலில் இட்ட கடிதம்

இருவரும் நேருக்கு நேர் பேசும்பொழுது, சம்மதம் காதில் விழுந்தவுடன் ஒப்பந்தம் முடிகிறது. தூரத்தில் உள்ளவர்கள் கடிதம் எழுதிக்கொள்ளும்பொழுது, எந்த நொடியைக் கணக்கிடுவது? சட்டத்தின் 4-ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. ஏற்பவர் தம் கையைவிட்டு நீங்கும்படி கடிதத்தை அனுப்பிவிட்டால், அந்த நொடியிலேயே முன்மொழிந்தவர் கட்டுப்பட்டுவிடுகிறார்.

நம் சிலாங்கூர் மாநிலத்திலேயே இதற்கு ஒரு வழக்கு உண்டு. இக்னேஷியஸ் – பெல் வழக்கு என்று வழங்கும் அது, 1913-ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்டது. ஒரு நிலத்தை வாங்கும் உரிமையை 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. வாங்க விரும்பியவர் ஆகஸ்டு 16-ஆம் நாள் கிள்ளானில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினார். நிலத்துக்காரர் வெளியே சென்றிருந்தமையால், அது கோலசிலாங்கூர்த் தபால் நிலையத்திலேயே கிடந்து, 25-ஆம் நாள் மாலையில்தான் அவர் கையை அடைந்தது. கெடு கடந்து ஐந்து நாட்கள் ஆகிவிட்டன. எனினும், தபால் வழியே மறுமொழி வருமென இரு தரப்பாரும் எண்ணியிருந்தமையால், தபாலில் இட்ட நாளிலேயே ஏற்பு நிறைவேறிற்று என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அவரைக் காத்தவை இரண்டு: கெடுவுக்கு முன்னரே அனுப்பியது, அனுப்பிய நாளைக் காட்டப் பதிவுத் தபாலின் சான்று இருந்தது. ஆனால், முன்மொழிபவர் "மறுமொழி இன்ன நாளுக்குள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும்" என்று குறிப்பிட்டிருந்தால், தபாலில் இட்டது மட்டும் போதாது. வந்து சேர்தல் வேண்டும். ஆகவே, கடிதத்தில் "அனுப்புக" என்று உள்ளதா, "சேர வேண்டும்" என்று உள்ளதா என்பதனைக் கூர்ந்து படித்தல் வேண்டும்.

இக்காலத்தில் கைத்தொலைபேசிச் செய்தியாலும் மின்னஞ்சலாலும் முன்மொழிவு, ஏற்பு, விலகல் ஆகிய மூன்றையும் தெரிவிக்கலாம் என்பதனை 2006-ஆம் ஆண்டு மின்னியல் வாணிகச் சட்டம் உறுதி செய்கிறது. இரவில் விளையாட்டாக அனுப்பிய "சரி" என்ற ஒரு சொல்லும் மறுநாள் சாட்சியாக நிற்கக்கூடும்.

விலகிக்கொள்வது எப்படி?

முன்மொழிந்தவர், மற்றவரின் ஏற்பு தம்மைக் கட்டுப்படுத்தும் முன்னர் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பதாகச் சொன்ன மோட்டார் சைக்கிள்காரர்கூட, இளைஞர் சம்மதம் கூறுவதற்கு முன் வெள்ளிக்கிழமையன்றே "வண்டியை விற்கவில்லை" என்று சொல்லிவிடலாம். காத்திருப்பதற்கென்றே ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டிருந்தால் மட்டும் அவ்வாறு செய்ய இயலாது.

ஆனால், விலகல் மற்றவரின் அறிவுக்கு எட்டுதல் வேண்டும். ஏற்பு புறப்பட்டவுடன் முன்மொழிந்தவரைக் கட்டுகிறது. விலகலோ சேர்ந்த பின்னரே ஒருவரை விடுவிக்கிறது. இவ்வேறுபாட்டினை மனத்தில் இருத்திக்கொண்டால் இச்சட்டத்தின் பாதி புரிந்ததாகும்.

1879-ஆம் ஆண்டில், கார்டிஃப் நகர வணிகர் ஒருவர் நியூயார்க்கில் உள்ளவர்களுக்கு 1,000 பெட்டித் தகரம் விற்பதாக அக்டோபர் 1-ஆம் நாள் கடிதம் அனுப்பினார். 8-ஆம் நாள் மனம் மாறி, விலகுவதாக மற்றொரு கடிதம் அனுப்பினார். முதற் கடிதம் 11-ஆம் நாள் நியூயார்க்கை அடைந்தது. அன்றே தந்தி மூலம் ஏற்பு புறப்பட்டது. விலகற் கடிதம் 20-ஆம் நாள்தான் போய்ச் சேர்ந்தது. கடலில் மிதந்துகொண்டிருந்த விலகலால் பயனில்லை; ஒப்பந்தம் 11-ஆம் நாளே முடிந்துவிட்டது என்று 1880-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று.

ஏற்றுக்கொண்டவருக்கும் நம் சட்டம் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஏற்புக் கடிதம் முன்மொழிந்தவரின் அறிவுக்கு எட்டும் முன்னர், அதனினும் விரைவான வழியில் ஏற்பினைத் திரும்பப் பெறலாம். காலையில் கடிதத்தைத் தபாலில் இட்டவர், அது போய்ச் சேருமுன் தொலைபேசியில் தெரிவித்துவிட்டால் விடுபடுவார். கடிதம் படிக்கப்பட்டபின் அவ்வாசல் மூடப்பட்டுவிடும்.

வேறு வழிகளிலும் முன்மொழிவு முடிவுறும். குறித்த கெடு கடந்தாலும், கெடு குறிக்கப்படாதபொழுது நியாயமான காலம் கடந்தாலும், முன்னதாக நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை நிறைவேறாவிட்டாலும் அது மடியும். முன்மொழிந்தவர் இறந்துவிட்டதையோ மனநிலை பிறழ்ந்ததையோ ஏற்குமுன் மற்றவர் அறிந்தாலும் அது மடிந்துவிடும்.

தோட்டம் கைமாறும்பொழுது

இதுவரை கூறிய விதிகள் தொழிலாளியின் வாழ்வை நேரே தொடும் இடம் ஒன்று உண்டு. தீபகற்ப மலேசியாவில், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் 1980-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பணிமுடிவுப் பயன் விதிமுறைகள், தோட்டம் விற்கப்படும்பொழுது என்ன நிகழும் என்பதனைக் கூறுகின்றன.

உரிமை மாறிய ஏழு நாட்களுக்குள், புதிய முதலாளி தொழிலாளியைத் தொடர்ந்து வேலையில் வைத்துக்கொள்ள முன்வருதல் வேண்டும். அவ்வேலையின் நிபந்தனைகள் பழையனவற்றைவிடக் குறைந்தனவாக இருத்தல் ஆகாது. இத்தகைய முன்மொழிவைத் தொழிலாளி தக்க காரணமின்றி மறுத்தால், பணிமுடிவுப் பயனைப் பெறும் உரிமையை இழக்கிறார். புதிய முதலாளி அவ்வாறு முன்வராவிட்டால், வேலை ஒப்பந்தம் முடிவுற்றதாகக் கொள்ளப்படும். பயன்களைக் கொடுக்கும் பொறுப்பு பழைய முதலாளியையும் புதிய முதலாளியையும் சேரும்.

அப்பயன் சிறு தொகையன்று. குறைந்தது 12 மாதங்கள் தொடர்ந்து பணியாற்றியவர்களுக்கு இது உரியது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு உட்பட்டவருக்கு ஆண்டுக்கு 15 நாள். ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 20 நாள். 12 ஆண்டுகள் பால் வெட்டிய ஒருவருக்கு இக்கணக்கின்படி 240 நாள் சம்பளம் உரியதாகும்.

ஆகவே, "புதிய நிர்வாகத்தில் வேலை செய்யச் சம்மதமா?" என்று கேட்கும் கடிதம் வெறும் சடங்கன்று. அதனை மடித்து அலமாரியில் வைத்துவிடுவதும், கோபத்தில் "முடியாது" என்று எழுதிக் கொடுப்பதும், படியாமலே கையெழுத்திடுவதும் ஆபத்தானவை. சம்பளம், வேலை இடம், வீடு, முன்னைய சேவைக் காலம் ஆகியவை பழையபடியே உள்ளனவா என்று முதலில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். குறைவாக இருப்பின், எந்த வகையில் குறைவு என்பதனை எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். ஒன்றும் சொல்லாமல் புதிய நிர்வாகத்தின் பிரட்டில் நின்று வேலையைத் தொடர்ந்தால், செயலால் ஏற்றதாகக் கருதப்படவும் கூடும்.

சட்டம் விதித்த பயனுக்கு மேலாக, நிர்வாகம் கருணைத் தொகையோ வீடோ தர முன்வருவதும் உண்டு. அங்கே பொது ஒப்பந்த விதியே செல்லும். "சம்மதம், ஆனால் இன்னும் 5,000 வெள்ளி சேர்த்துத் தர வேண்டும்" என்று எழுதினால், அது எதிர் முன்மொழிவு. பழைய தொகையைப் பின்னர் நிர்வாகம் தராமற்போகலாம். கூடுதல் கேட்பது தவறன்று. ஆனால், அதனைத் தொழிற்சங்கத்தின் மூலம், விளைவினை உணர்ந்து கேட்டல் வேண்டும்.

வாசலுக்கு வரும் விற்பனையாளர்

சம்பள நாளையொட்டி லயத்துக்கு வந்து, தவணை முறையில் பாத்திரமும் நீர் வடிகட்டியும் விற்பவர்கள் உண்டு. கையெழுத்திட்டுவிட்டால் மீள வழியே இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். பொது விதி அவ்வாறாயினும், வாசலில் நிகழும் இத்தகைய விற்பனைக்கு 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் ஒரு விலக்குத் தருகிறது. குறிப்பிட்ட மதிப்புக்குட்படாத சிறு கொள்முதல்கள் நீங்கலாக, வாங்கியவர் 10 வேலை நாட்களுக்குள் மனம் மாறினால், எழுத்து மூலம் அறிவித்து ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ளலாம்.

கைக்கொள்ள வேண்டியவை

கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பின், படித்த பிள்ளைகளையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ கொண்டு முழுவதும் படித்து, பொருளை அறிந்த பின்னரே கையெழுத்திடுக. மறுமொழிக்குரிய கெடு நாளையும், அந்நாளுக்குள் அனுப்ப வேண்டுமா, சேர வேண்டுமா என்பதனையும் குறித்துக்கொள்க. சம்மதமாயின் நிபந்தனை சேர்க்காமல் எழுதுக. ஐயமாயின் கேள்வியாகக் கேட்க. விலகுவதாயின் காலந்தாழ்த்தாது மற்றவரின் காதுக்கு எட்டச் செய்க. நேரில் கொடுக்கும் கடிதத்தின் நகலில் கிராணியிடம் தேதியுடன் கையெழுத்து வாங்குக. தபாலில் அனுப்பினால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துக. தகராறு எழுந்தால், தொழிற்சங்கக் கிளையையும் அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவையும் உடனே நாடுக.

கிள்ளானில் 1912-ஆம் ஆண்டில் தபாலில் இடப்பட்ட ஒரு கடிதம், பிந்திச் சேர்ந்தும் ஒரு நிலத்தின் உரிமையை நிலைநிறுத்தியது. உரிய நாளில் எழுதி, சான்றுடன் அனுப்பிய சிறு காகிதத்துக்கு நீதிமன்றத்தில் அத்துணை மதிப்பு உண்டு. அந்த மதிப்பு தோட்டத் தொழிலாளி எழுதும் கடிதத்துக்கும் உரியதே.